பலாமரத்து வளைவு

கண்ணுகளா,

பஸ் நிற்கிற மெயின்ரோட்டிலிருந்து நம் ஊருக்குப் பிரிகிற ரோடு, மலையில் நேர் என்றால் எவ்வளவு நேரோ அவ்வளவு நேராகத்தான் வருகிறது. மிளகுக்கொடி சுற்றின அந்தப் பலாமரத்துக்கிட்ட வந்ததும் மட்டும் ஏன் இப்படி வயிற்றைத் தள்ளிக்கொண்டு வளைகிறது என்று நீங்கள் ரெண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். ஜீப்காரர் அங்கே வரும்போதெல்லாம் கியரை மாற்றிக்கொண்டே முனகுகிறார். உங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், "ரோடு போட்டவருக்கு அங்க வந்ததும் தூக்கம் வந்திருச்சு" என்று கேலி பண்ணுகிறார்களாம்.

யாருக்கும் தூக்கம் வரவில்லை. அந்த வளைவுக்குக் காரணம் நான் படித்த ஒரு பாடம். வாயால் சொன்னால் உங்கள் அம்மா நடுவில் புகுந்து தன் பங்கைப் பெரிசாக்கிவிடுவாள். அதனால் எழுதிவைக்கிறேன். அவள் பங்கும் இதில் வருகிறது, உள்ளபடியே வருகிறது.

நான் பன்னிரண்டாவதோடு நின்றவன் என்பது உங்களுக்குத் தெரியும். செம்மேட்டில் ஒரு பள்ளிக்கூடத்து அறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் அஞ்சல்வழிப் பட்டப்படிப்புக்கு வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டு, வரலாறு படிக்கலாம் என்று போய்ச் சேர்ந்தேன். ராஜா கதை என்றால் எனக்கு உயிர். சேர்ந்த பிறகுதான் சொன்னார்கள், முதல் வருடம் எல்லாரும் படித்தே ஆகவேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது, அறவியல் அறிமுகம் என்று. எது நல்லது, எது கெட்டது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எந்தெந்த தேசத்திலேயோ இருந்த பழைய ஆட்கள் எழுதிவைத்ததைப் படிக்க வேண்டும்.

இதைக் கேட்டதும் உங்கள் அம்மா மரவள்ளிக்கிழங்கு உரிப்பதை நிறுத்திவிட்டாள்.

"ஏனுங்க, நல்லவனா இருக்கறதுக்குப் பரீட்சையா?"

"ஆமா."

"பெயிலாப் போயிட்டீங்கன்னா நாங்க உங்களை என்ன பண்றதுங்க?"

முதல் வகுப்புக்குப் பாடம் நடத்த வந்த மேடம் கீழ்நாட்டுக்காரர். காளப்பநாயக்கன்பட்டியில் பஸ் ஏறி, மலையின் கொண்டை ஊசி வளைவுகளை எல்லாம் சுற்றி முடித்து இறங்கியபோது முகம் வெளுத்துக் கிடந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை நாலு தடவை மோந்தார். அப்புறம் கேட்டார். "மலை பஸ்ல ஜன்னல் சீட்டு யாருக்குங்க?"

இது என்ன கேள்வி! "வாந்தி எடுக்கறவங்களுக்குத்தானுங்க" என்று எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னோம்.

"ஏன்?"

பிறந்ததிலிருந்து செய்கிற காரியம், ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. அன்றைக்குப் பாடம் முழுக்க அந்த ஜன்னல் சீட்டிலேயே ஓடியது. ஒரு பழைய ஆள் சொல்வாராம், சீட்டை வாந்தி எடுக்கிறவளுக்குக் கொடுத்தால் பஸ்ஸில் எத்தனை பேருக்கு நிம்மதி, கொடுக்காவிட்டால் எத்தனை பேருக்குத் தொந்தரவு, கூட்டிப் பார், எது அதிகமோ அதைச் செய் என்று. இன்னொருவர் ரொம்பக் கடுமை. ஜன்னலுக்கு ஆசைப்பட்டு வாந்தி வருகிறது என்று ஒருத்தன் பொய் சொன்னால், அதையே எல்லாரும் செய்தால் என்ன ஆகும் என்று கேட்பாராம். அப்புறம் நிஜமாகவே வருகிறவளைக்கூட ஒருத்தரும் நம்ப மாட்டார்கள், ஆகையால் பொய்யே கூடாது, ஒரு காலத்திலும் கூடாது. அதோடு, மனுசனை வெறும் கருவியாகப் பயன்படுத்தாதே என்றும் சொல்வாராம். இவர்களுக்கெல்லாம் ரொம்ப முந்தி இருந்த மூன்றாவது ஆள், நல்லது செய்வது கைப்பழக்கம் மாதிரி, எழுந்து எழுந்து இடம் கொடுத்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் யோசிக்காமலே எழுந்து நிற்பாய் என்பாராம்.

அவர்களுடைய நிஜப் பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிற நர்சம்மா எங்களோடு படித்தார். தெற்கத்திக்காரர், மலைக்கு மாற்றலாகி வந்தவர், வாய் சும்மா இருக்காது. அவர்தான் பெயர் வைத்தார். கூட்டல்காரர், கண்டிசன்காரர், பழக்கக்காரர். மேடமும் ரெண்டாவது வகுப்பிலேயே அப்படித்தான் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு அந்தப் பாடம் பிடித்துப்போனது. மிளகு பறிக்க ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறி நிற்கும்போதும் மண்டைக்குள் இந்த மூன்று பேரும் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்கிற உங்கள் அம்மா, "கை நின்னு போச்சு, எந்த ஆளுங்க இப்ப பேசறாரு?" என்பாள்.

ஒரு கூத்து சொல்கிறேன். நம் ஊர்க் கூட்டத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். எந்தப் பேச்சானாலும் எல்லாரும் ஒத்துக்கொண்ட பிறகுதான் வரக்காப்பி வரும். காப்பி குடித்துவிட்டால் அந்தப் பேச்சு அதோடு தீர்ந்தது, அப்புறம் யாரும் கிளறக் கூடாது. செம்மேட்டுப் பக்கமும் சுற்றுப்பட்டிலும் கொஞ்சம் முன்பின்னாக இப்படித்தான். மேடம், "மூன்று பேரையும் ஒப்பிட்டு எழுதி வாங்க" என்று வேலை கொடுத்தார். அடுத்த வாரம் எங்கள் தாள்களைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். மலைக்காரர்கள் அத்தனை பேரும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாமலே ஒரே மாதிரி எழுதியிருந்தோம். கூட்டல்காரர் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியது, கண்டிசன்காரர் கொஞ்சம் இறங்கி வரவேண்டியது, பழக்கக்காரர் வயதில் மூத்தவர் என்பதால் ரெண்டு பேருக்கும் பொது மனுசராக இருக்க வேண்டியது. தீர்ப்பு!

"நான் ஒப்பிடச் சொன்னேன். நீங்க பஞ்சாயத்துப் பேசி முடிச்சிருக்கீங்க" என்றார் மேடம். "இவங்க மூணு பேரும் ஒத்துப்போகவே மாட்டாங்க. அதுதாங்க பாடமே."

செம்மேட்டில் கடை வைத்திருக்கிற ஒருத்தர் பின்னாலிருந்து கேட்டார். "அப்ப காப்பி எப்பங்க குடிக்கிறது?"

மேடம் சிரித்த சிரிப்பு ஜன்னலுக்கு வெளியே போனது.

இந்தச் சமயத்தில்தான் நம் ஊருக்கு ரோடு வந்தது. வந்தது என்றால், வரும் என்று சொன்னார்கள். பெரியவளுக்கு அந்தப் பழைய பாதை ஞாபகம் இருக்கும். மழைக்காலத்தில் பள்ளிக்கூடம் போய்ச் சேருவதற்குள் காலெல்லாம் அட்டை. புத்தகப் பையில் உப்புப் பொட்டலம் வைத்து அனுப்புவோம். சின்னவனுக்கு ஒரு மழையில் காய்ச்சல் கண்டு, அவனைத் தோளில் போட்டுக்கொண்டு சேற்றில் வழுக்கி வழுக்கி மெயின்ரோட்டுக்கு வந்தேன். பஸ் கண்ணெதிரில் போய்விட்டது. அந்தக் கொஞ்ச நேரம் நான் நின்ற நிலையை எழுத எனக்குத் தெரியவில்லை. அதனால் ரோடு என்ற சொல்லைக் கேட்டதும் நம் வீட்டில் ஏற்பட்ட சந்தோஷம் உங்களுக்குப் புரியும்.

அளந்து பார்த்த ஓவர்சீயர் ஒரே ஒரு குறை சொன்னார். வழியில் ஒரு பலாமரம் நிற்கிறது. அதை எடுத்தால் நேராகப் போகலாம். தகராறு என்று ஏதாவது கிளம்பினால் இந்த ரோடு வேற ஊருக்குப் போய்விடும், அடுத்து எப்போது வரும் என்று தனக்கே தெரியாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மரம் உங்கள் பெரியம்மாவுடையது, என் பங்காளி அண்ணன் மனைவி. நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, நோம்பி, பண்டிகைக்கு வருவார், போவார். காடு, மாடு, மரம் எல்லாம் அண்ணிதான். ஊர்க் கூட்டம் கூடியது. ஊருக்குப் பெரியவரான ஊர்க்கவுண்டர் போனைக் காதில் வைத்துத் திருப்பூருக்கே பேசினார். "மரமென்னங்க மரம், எடுத்துக்கங்க" என்றார் அண்ணன். காப்பி வந்தது. குடித்தோம். தீர்ந்தது.

அடுத்த வகுப்புக்கு மேடம் கொடுத்திருந்த வேலை, உங்கள் ஊரிலிருந்தே ஒரு சிக்கலை எடுத்து, படித்ததை வைத்து அலசுங்கள் என்பது. எனக்கு விரலைச் சொடுக்கும் நேரத்தில் விஷயம் கிடைத்துவிட்டது. பலாமரம்! ஒரு பக்கம் ஒரு மரம். இன்னொரு பக்கம் ஊர் முழுக்கப் பிள்ளைகள், பிரசவத்துக்குப் போகிற பெண்கள், மிளகு மூட்டை சுமக்கிற முதுகுகள். கூட்டிப் பார்த்தேன். மரம் போகலாம் என்று எழுதி, எழுந்து நின்று கணீரென்று வாசித்தேன். நல்ல தாள் என்றுதான் நினைத்தேன்.

வாசித்து முடித்ததும் நர்சம்மா கேட்டார். "மரத்துக்காரம்மா என்ன சொன்னாங்கண்ணே?"

"அண்ணன் சரின்னுட்டாருங்க."

"அண்ணனைக் கேக்கலை. மரத்துக்குத் தண்ணி ஊத்துனது யாரு, காய் இறக்குறது யாரு?"

"அண்ணி."

"அவுக என்ன சொன்னாக?"

நான் தாளைப் பார்த்தேன். தாளில் அது இல்லை. கூட்டத்திலும் இல்லை. அவரை யாரும் கேட்கவே இல்லை. கூட்டம் நடந்தபோது அண்ணி பத்தடி தள்ளித்தான் இருந்தார், மற்றப் பெண்களோடு அடுப்பில் காப்பி போட்டுக்கொண்டு. அவர் மரத்தை வெட்ட முடிவு பண்ணி, அவர் போட்ட காப்பியையே வாங்கிக் குடித்திருக்கிறோம்.

"சரிண்ணே, மரத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?" விடுவதாக இல்லை நர்சம்மா. "ரோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியாதா?"

"ஒரு பக்கம் பள்ளமுங்க."

"இன்னொரு பக்கம்?"

"மிளகு."

"யாரு மிளகு?"

"...நம்முளுதுதானுங்க."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. கடைக்காரர் மேசையைத் தட்டி, "கூட்டல்ல அதை மட்டும் விட்டுப்போட்டாரு" என்றார். நானும் சிரித்தேன், காது சூடாகிவிட்டது. மேடம் சரி தப்பு எதுவும் சொல்லவில்லை. என் தாளைத் திருப்பிக் கொடுத்து, "இன்னும் முடியலை போலிருக்கே, முடிச்சுட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் அண்ணி வீட்டுக்குப் போனேன். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. சுளை திங்கிறீங்களா? இனி கிடைக்காதுங்களாம்."

உட்கார்ந்தேன். "அண்ணி, மரத்தை வெட்டறதுக்கு உங்களுக்குச் சம்மதங்களா?"

அண்ணி கத்தியை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதைக் கேக்கறதுக்குத்தான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பஸ் ஏறிப் போறீங்களா?"

"இல்லீங்க அண்ணி..."

"திருப்பூருக்குப் போன் போகுது. இதா, கூப்பிட்டா கேக்கற தூரத்துல நானிருக்கறேன். உங்க அண்ணன் இந்தப் பழத்தைத் தின்னு எத்தனை வருசமாச்சுன்னு அவரையே கேளுங்க. ஊருக்கெல்லாம் என் ஊட்டுல இருந்துதான் சுளை போகுது." ஒரு கொத்து சுளையை இலையில் வைத்து என் பக்கம் தள்ளினார். "முதல்லயே என்னைக் கேட்டிருந்தா குடுத்திருப்பனோ என்னமோ. எம்பட பேரப்பிள்ளைகளும் நாளைக்கு அந்த ரோட்டுல போகத்தானே போவுது. இப்ப கேட்டுப்போட்டீங்கல்ல? சொல்றேன். மாட்டேன்."

சுளையைத் தின்றுகொண்டே வீட்டுக்கு வந்தேன். அவ்வளவு தித்திப்பான பழம் அந்த வருடம் தின்னவில்லை.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். வெளியே சொன்னால் தகராறு, ரோடு வேற ஊருக்குப் போகும், நீங்கள் மறுபடி அட்டையில் நடப்பீர்கள். சொல்லாவிட்டால் காப்பி குடித்த பேச்சு அப்படியே நிற்கும், மரம் விழும், யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். கூட்டல்காரரைக் கேட்டேன், சும்மா இரு என்றார். கண்டிசன்காரரைக் கேட்டேன், எழுந்து நின்று சொல் என்றார். பழக்கக்காரர், நீ இதுவரைக்கும் எதைப் பழகியிருக்கிறாய் என்று திருப்பிக் கேட்டார். மூன்று பேரில் அவரைத்தான் அன்றைக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

ஓவர்சீயர் ரோட்டுக்கு அடையாளக் கல் நட வருகிற அன்று ஊரே பலாமரத்தடியில் கூடியிருந்தது. பெண்கள் ஓரமாகக் கல் கூட்டிக் காப்பிக்குத் தண்ணீர் வைத்திருந்தார்கள். நான் எழுந்து நின்றேன்.

"அண்ணிகிட்ட நாம கேக்கலீங்க. நான் போய்க் கேட்டேன். அவங்களுக்குச் சம்மதமில்லீங்க."

கூச்சல் கிளம்பியது. "காப்பி குடிச்ச பேச்சுடா இது!" "படிக்கப் போனவனை மலையிறக்கி உட்டிருக்கணும்!" ஊர்க்கவுண்டர் கையைத் தூக்கி அடக்கிவிட்டு, "ஏங்கண்ணு, உன் புள்ளைகளும் அந்தச் சேத்துலதானே நடக்குது?" என்று கேட்டார். அவர் கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

அண்ணியைக் கேட்டார்கள். "மாட்டேன்" என்றார், அடுப்பை ஊதுவதை நிறுத்தாமலே.

ஓவர்சீயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அப்ப ரோட்டை வளைக்கணுங்க. அந்தப் பக்கம் பள்ளம். இந்தப் பக்கம் சில்வர் ஓக், மிளகு. அது யாருதுங்க?"

ஊரே என்னைப் பார்த்தது. மிளகு ஏறுவதற்கென்று அந்தச் சில்வர் ஓக் மரங்கள் என் அப்பா காலத்தில் வைத்தவை. மிளகு நன்றாகக் காய்க்கிற வரிசை அதுதான். வீரமாக நெஞ்சை நிமிர்த்தி, "எடுத்துக்கங்க" என்றேன்.

கூட்டம் அப்பாடா என்றது. "காப்பி கொண்டாங்கம்மா" என்றார் ஊர்க்கவுண்டர்.

காப்பி வரவில்லை.

திரும்பிப் பார்த்தேன். காப்பிப் பானை உங்கள் அம்மா கையில் இருந்தது. இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க" என்றாள், ஊருக்கே கேட்கிற மாதிரி. "அந்த மிளகுக்கு ஏணி புடிக்கறது யாருங்க?"

பக்கத்தில் அண்ணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"நீதான்" என்றேன்.

"என்னைக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை, கண்ணுகளா. எந்தத் தப்பை எடுத்துச் சொல்ல எழுந்து நின்றேனோ அதே தப்பை, நின்ற இடத்திலேயே, ஒரு மூச்சு விடுவதற்குள் செய்திருந்தேன். ஆண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. ஊர்க்கவுண்டர்கூடத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஓவர்சீயர் மட்டும், "காப்பிக்கும் ரோட்டுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இப்ப கேக்கறேன்" என்றேன். "மிளகு வரிசையை ரோட்டுக்கு உட்டுறலாமா?"

உங்கள் அம்மா உடனே சொல்லவில்லை. மிளகைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள். சின்னவன் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். குனிந்து அவன் காலிலிருந்து ஒரு அட்டையைப் பிடுங்கி அடுப்பில் போட்டாள். பானையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். அதுவரைக்கும் ஊர் முழுக்க வாயைத் திறக்காமல் காத்திருந்தது. ஒரு பெண் யோசித்து முடிக்கிற வரைக்கும் நம் ஊர்க் கூட்டம் காத்திருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"சரிங்க" என்றாள். "உட்டுறலாம்."

முதல் டம்ளரை அண்ணிக்கு ஊற்றினாள். அப்புறம்தான் எங்களுக்கு.

பரீட்சையில் நான் தேறினேன். பிரமாதமாக ஒன்றும் இல்லை, ஏதோ தேறினேன். மூன்று பேரில் யார் சொல்வது சரி என்று கேட்ட கேள்விக்கு மட்டும் இன்றைக்கும் எனக்கு விடை தெரியாது. அந்த ஒரு கேள்வியில் தீர்ப்பு எழுதாமல் விட்டதற்காக மேடம் சந்தோஷப்பட்டார்.

இன்னும் ஒன்று மட்டும் இருக்கிறது, உங்கள் அம்மாவுக்கும் இது தெரியாது. சில்வர் ஓக் மரங்களை வெட்டுவதற்கு முந்தின நாள், செம்மேட்டுச் சந்தை. ஊரே சந்தைக்குப் போயிருந்தது. நான் தனியாகப் போய் மிளகுக்கொடிகளின் அடியிலிருந்து தரையோடு ஓடி வேர் பிடிக்கிற நல்ல ஓடுகொடிகளாகப் பார்த்து வெட்டி எடுத்தேன். மிளகுக்கு எந்த மரமானாலும் சரி, ஏறப் பட்டை இருந்தால் போதும், பலா ஏற்ற மரம். மண் நன்றாக ஈரமாக இருந்தது. மண்வெட்டி கையில் இருந்தது. பலாமரத்தடியில் உட்கார்ந்து குழி எடுக்கக் கையை ஓங்கியும் விட்டேன்.

அண்ணியை இன்னும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன். கொடிகளை ஈரச் சாக்கில் சுற்றி அண்ணி வீட்டுக்கு எடுத்துப் போனேன். கதவு பூட்டியிருந்தது. நிழலாகப் பார்த்து வாசல் ஓரத்தில் வைத்து, கோழி கிளறாமல் இருக்க மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். இன்றைக்குப் பலாமரத்தைச் சுற்றியிருக்கிற கொடியை நட்டது நான் இல்லை.